டிசம்பரில் பாசிக்குடா போய் ஏமாந்து வந்த டீச்சருக்கு

டீச்சர், உங்கள் கேள்வியை நிதானமாக வாசித்தேன். இதே அனுபவத்தோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் விஷயத்தை முதலில் சுருக்கிவிடுகிறேன். நீங்கள் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறீர்கள். டிசம்பர் விடுமுறைக்கு சீட்டுக் காசை எடுத்து, வேன் பிடித்து, கணவர், இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா எல்லாருமாகக் கிழக்குக் கரையில் பாசிக்குடாவில் ஒரு கடலோர ஹோட்டலுக்குப் போனீர்கள். இரண்டு இரவுக்குப் புக்கிங். கடல் பார்த்த அறை என்று சொல்லி முற்பணம் வாங்கியவர்கள் பின்பக்கத்து அறையைத் தந்தார்கள். அறைக்குள் பூஞ்சண வாடை. நீச்சல் தடாகம் மூடியிருந்தது. கரையில் சிவப்புக் கொடி. பஃபே என்றது தட்டில் போட்டுத் தரும் சாப்பாடாக மாறியது. கடைசியில் பில்லும் சொன்னதைவிடக் கூட வந்தது. மனேஜரிடம் கேட்டதற்கு, “மழைக்கு நாங்கள் என்ன மேடம் செய்ய?” என்றிருக்கிறார். இது எங்கள் பிழையா, காசு திரும்பக் கிடைக்குமா, அடுத்த முறை எங்கே எப்போது போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பண்டாரவளைக்காரன். தெற்கிலும் கிழக்கிலும் கடலோர ஹோட்டல்களின் ஃப்ரன்ட் ஆபீஸில் பல வருடம் வேலை செய்துவிட்டு, இப்போது ஊரோடு இருந்து நம் ஆட்களுக்குப் பயண ஏற்பாடு செய்து கொடுக்கிறேன். அதனால் கவுண்டரின் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்ல முடியும்.

பிழை உங்களுடையது அல்ல. கடல் கொந்தளித்ததற்கு ஹோட்டலைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் அந்த மாதத்தில் அந்தக் கடல் அப்படித்தான் இருக்கும் என்பது அங்கே வேலை செய்யும் தோட்டக்காரர் வரைக்கும் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் காசு வாங்கினார்கள். கடல் பக்கத்து அறைக்குக் காசு வாங்கிவிட்டு வேறு அறை கொடுத்தது அதைவிட மோசம். அதற்கு நீங்கள் காசு கேட்கலாம். கேட்கவே வேண்டும்.

முதலில் கடலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மலையகத்துக் குடும்பங்கள் ஏமாறுவதில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது. பாசிக்குடா என்றதும் எல்லாருக்கும் கண்ணில் வருவது இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகும் படம்தான். அந்தப் படம் பொய் இல்லை. ஏப்ரல் பாதியிலிருந்து செப்டெம்பர் வரைக்கும் அந்தக் குடா அப்படித்தான் கிடக்கும். ஆனால் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கதை வேறு. மட்டக்களப்பின் வருட மழையில் பெரும்பகுதி நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்துக்குள்தான் கொட்டித் தீர்க்கிறது. ஆறும் களப்பும் நிறைந்து சேற்றுத் தண்ணீர் கடலுக்குள் வருவதால் கரையோரம் பழுப்பாகிவிடும். அலையோடு பாசியும் குப்பையும் ஒதுங்கும். நீரோட்டம் இழுக்கும். நிலாவெளி, உப்புவெளி, அறுகம்பே எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

தெற்கும் மேற்கும் இதற்கு நேர்மாறு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன கடலில் இறங்க முடியாது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அதே கடல் அமைதியாக இருக்கும். ஒக்டோபர், நவம்பர் தவிர இலங்கையின் இரண்டு கரையும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது குறைவு. நடுவில் நம் மலை நின்று காற்றை மறிப்பதால் ஒரு பக்கம் நனையும்போது மறுபக்கம் காய்கிறது.

இதை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே நமக்கு இல்லை டீச்சர். ஹட்டனில் இருக்கும் உங்களுக்கு சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் தெரியும். டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாதம் வெசாக் போயாவோடு முடிகிறது. மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு இரவு பகலாக பஸ் ஓடும் அந்த மாதங்கள்தான் தெற்கு, மேற்குக் கரைக்கும் நல்ல மாதங்கள். மலையில் மழை விட்டிருப்பதும் அந்தக் கடல் அடங்கியிருப்பதும் ஒரே காற்று மாற்றத்தால்தான். மலைச் சீசன் முடிந்து மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் விடாமல் மழை பிடிக்கிறதா? அப்போது கிழக்கே போங்கள். ஹட்டனில் குடை மடக்க முடியாத ஜூன், ஜூலையில் பாசிக்குடாவில் சுள்ளென்று வெயில் அடிக்கும்.

எங்கள் ஊவாப் பக்கத்துக்குத் தேயிலையே கணக்குச் சொல்லிவிடும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வறட்டிக்கொண்டு அடிக்கும்போது பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை தோட்டங்களில் குவாலிட்டி சீசன். கொழுந்து குறையும், வாசம் ஏறும், ஏலத்தில் ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை போகும். அதே காற்று மலை இறங்கி மட்டக்களப்புப் பக்கம் போகும்போது அங்கே மழை மேகமே இருக்காது. உங்கள் டிம்புள்ளைப் பக்கத்துக்கு குவாலிட்டி சீசன் ஜனவரி முதல் மார்ச் வரை. இரவில் பனி கொட்டி நுவரெலியாவில் தேயிலை கருகும் காலம் அது. அந்த மாதங்களில் தெற்குக் கரை தங்கமாக இருக்கும். உங்கள் அப்பா வாழ்நாள் முழுக்கத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மாதம் எந்தப் பக்கம் காயும் என்று அவரிடம் கேட்டால் என்னைவிடத் துல்லியமாகச் சொல்வார்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், நம் பாடசாலை விடுமுறை டிசம்பரில். அந்த நேரத்தில் கிழக்கு ஹோட்டல்கள் விலையைக் குறைக்கின்றன. தெற்கில் வெளிநாட்டுக்காரர்கள் நிறைந்து விலை ஏறிக் கிடக்கிறது. தமிழ் பேசும் இடம், கோயில் குளம் இருக்கிறது, சாப்பாடு ஒத்துக்கொள்ளும், விலையும் குறைவு என்று நம் ஆட்கள் கிழக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதில் என்ன பிழை இருக்கிறது? காரணம் எல்லாம் நியாயமானதுதான். ஏன் விலை குறைந்திருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

சிவப்புக் கொடியைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் அழுதார்கள், அந்த லைஃப்காட் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர் செய்தது சரி. மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆற்று இழுப்பு தெரியும், கடல் இழுப்பு தெரியாது. கரையில் நின்று பார்த்தால் அலை அடங்கிய இடம்தான் பாதுகாப்பு மாதிரித் தோன்றும், பல தடவை உள்ளே இழுக்கும் நீரோட்டம் அங்கேதான் ஓடும். அந்த ஹோட்டலில் உங்களுக்குச் சரியாக நடந்துகொண்ட ஆள் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி அறை. சீசன் இல்லாத மாதங்களில் கடலோர ஹோட்டலுக்குள் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். அறையெல்லாம் நிறையாது. அதனால் ஒரு பகுதியை அப்படியே பூட்டி கரண்டை நிறுத்திவிடுவார்கள். ஆட்களில் பாதிப்பேரை லீவில் அனுப்புவார்கள். நீச்சல் தடாகத்துக்கு டைல் மாற்றுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் இந்த மாதங்களில்தான். அதில் பிழை சொல்ல முடியாது, வேறு எப்போது செய்வது? ஆனால் விடுமுறை வார இறுதியில் திடீரென்று புக்கிங் கூடும்போது, பூட்டிக் கிடந்த அந்தப் பகுதியை அன்று காலையில் திறந்து, மெத்தையில் புது விரிப்பைப் போட்டு, வாசனைத் திரவம் அடித்து, மத்தியானம் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். கடற்கரை ஈரத்தில் கதவடைத்துக் கிடந்த அறை ஒரு காலைக்குள் சரியாகாது.

அப்படிப்பட்ட அறையைக் கண்டுபிடிப்பது சுலபம். உள்ளே போனதும் பேக்கைத் திறக்காதீர்கள். குழாயைத் திறந்து பாருங்கள். பல நாள் ஓடாத குழாயில் முதலில் துருத் தண்ணீர் வரும். மெத்தை விரிப்பைத் தூக்கி உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். குளிர்ச்சியாக, லேசாக நனைந்த மாதிரி இருந்தால் அந்த மெத்தை வெயிலையே கண்டிருக்காது. ஏசியைப் போட்டு முதல் சில நிமிடம் என்ன வாடை வருகிறது என்று கவனியுங்கள். திரைச்சீலையின் பின்பக்கத்தில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். இதில் இரண்டு இருந்தாலே போதும், உடனே ரிசப்ஷனுக்குப் போய் வேறு அறை கேளுங்கள். காசைத் திருப்பிக் கேட்காதீர்கள், அறையை மாற்றக் கேளுங்கள். முதல் அரைமணி நேரத்தில் கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள், ஏனென்றால் அறை இன்னும் ‘பாவித்த’ அறை ஆகவில்லை. இரவு படுத்து எழும்பிய பிறகு கேட்டால், ஏன் நேற்றே சொல்லவில்லை என்பார்கள்.

பஃபே விஷயத்தில் மட்டும் ஹோட்டலின் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இத்தனை அறைக்குக் குறைந்தால் பஃபே போடுவதில்லை, செட் மெனுதான் என்பது அநேகமான ஹோட்டல்களில் உள்ள நடைமுறை. இருபது பேருக்கு எட்டு வகைக் கறி வைத்தால் பாதி வீணாகும். புக்கிங்கில் காலை, இரவுச் சாப்பாடு என்று மட்டும் எழுதியிருந்தால் இதில் பெரிதாக வாதாட முடியாது. பஃபே என்றே எழுதியிருந்தால் வாதாடலாம். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு மரக்கறி இல்லாமல் போனதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நிச்சயம் செய்து தந்திருப்பார்கள், கிழக்கில் அது கஷ்டமே இல்லை. அடுத்த முறை புக்கிங் நேரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை மிகவும் வருத்தியது. அப்பாவின் அடையாள அட்டையில் தோட்டத்து விலாசத்தைப் பார்த்ததும் ரிசப்ஷனில் இருந்தவரின் பேச்சு மாறியது மாதிரி இருந்தது, பிரமையாகவும் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரமை என்று நான் சொல்லமாட்டேன். வருகிறவரின் உடுப்பு, வாகனம், விலாசம் பார்த்து, இவர் கேள்வி கேட்பாரா மாட்டாரா என்று மனதுக்குள் எடை போடும் பழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. நல்ல அறை கேள்வி கேட்பவருக்குப் போகும், பின்பக்கத்து அறை பேசாமல் சாவியை வாங்கிக்கொள்பவருக்குப் போகும். இதைக் கண்ணால் பார்த்து, கூட வேலை செய்தவர்களோடு சண்டை பிடித்திருக்கிறேன். நம் பெரியவர்கள் தோட்டத்துத் துரைமாரின் அலுவலகத்துக்கு வெளியே நின்று பழகியவர்கள். பளபளவென்ற ஒரு கவுண்டரைக் கண்டால் குரல் தானாக இறங்கிவிடுகிறது. அதை இந்த ஆட்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அந்தக் காசின் பெறுமதியையும் பாருங்கள். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று 2024இல் நிர்ணயித்தார்கள். ஒரு இரவுக்கு 26,000 ரூபா என்றால் அந்தச் சம்பளத்தில் அது 19 நாள் முழுப்பேர், அதாவது 19 முழுநாள் சம்பளம். கொழும்பிலிருந்து வருகிறவருக்கு அது ஒரு வார இறுதிச் செலவு. நம் ஆளுக்கு அது மழையில் கொழுந்தெடுத்த ஒரு மாதத்தின் பெரும்பகுதி. அதனால்தான் இந்தக் காசை சும்மா விட்டுவிடாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

26,000 என்று ஏன் சொன்னேன் என்றால், உங்கள் பில் ஏறியதும் இதே மாதிரித்தான் நடந்திருக்கும். ஹோட்டல்காரர் விலை சொல்லும்போது ‘பிளஸ் பிளஸ்’ என்று ஒரு வார்த்தையை லேசாகச் சேர்த்துச் சொல்வார். வட்சப்பில் இரண்டு கூட்டல் குறியாக வரும். சேவைக் கட்டணமும் வரிகளும் தனி என்று அதற்கு அர்த்தம். 20,000 ரூபா அறையென்றால் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து 22,000 ஆகும். அதற்கு மேல் 18 சதவீதம் வாட் (பெறுமதி சேர் வரி). 2024 ஜனவரியிலிருந்து அந்த வீதம்தான். ஆக 25,960. சிறு வரிகள் இன்னும் சேரலாம். உங்களுக்கு வந்த செய்தியில் அந்தக் கூட்டல் குறி இருக்கிறதா என்று திரும்பப் பாருங்கள். இருந்தால் அந்தத் தொகை முறைப்படி சேர்ந்ததுதான். குறியும் இல்லை, வரி தனி என்ற வார்த்தையும் இல்லை என்றால், சொன்ன விலைதான் விலை என்று நீங்கள் நிற்கலாம். வாட் என்று ஒரு வரி பில்லில் இருந்தால் அந்த ஹோட்டலின் வாட் பதிவு இலக்கமும் அதே பில்லில் இருக்க வேண்டும், அதையும் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தனியாகப் போட்டிருக்கும் தொகையையும் பாருங்கள். ஆறு வயதுக்குக் கீழே இலவசம், பன்னிரண்டு வரை பாதி என்பது பொதுவான வழக்கம், ஆனாலும் ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும்.

சரி, காசு திரும்பக் கிடைக்குமா? எல்லாம் கிடைக்காது. மழைக்கும் கடலுக்கும் ஒரு சதமும் வராது. உங்களுடைய பலமான விஷயம் அறைதான். கடல் பார்த்த அறைக்கு ஒரு விலை, தோட்டம் பார்த்த அறைக்கு வேறு விலை. அந்த வித்தியாசம் இரண்டு இரவுக்கும் உங்களுக்கு வர வேண்டிய காசு. இதற்கு அவர்களிடம் பதிலே இல்லை. அடுத்தது நீச்சல் தடாகம். விளம்பரத்தில் அது இருக்கிறது, மூடியிருப்பது அவர்களுக்கு முன்பே தெரியும், நீங்கள் பல மணி நேரம் வேனில் வந்து இறங்கும்வரை சொல்லவில்லை. இதற்கு ஒரு பகுதிக் கழிவு கேட்கலாம். அறையின் பூஞ்சணம் மூன்றாவது. நீங்கள் எடுத்த போட்டோ இருப்பதால் அதையும் சேர்க்கலாம்.

ஹோட்டலின் பொது முகாமையாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். கோபத்தை எழுத வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். இப்படி இருந்தால் போதும்: ‘இன்ன திகதியில் கடல் பார்த்த அறை என்று உறுதி செய்து முற்பணம் பெற்றீர்கள். இன்ன இலக்க அறையைத் தந்தீர்கள், அதிலிருந்து கடல் தெரியாது. நீச்சல் தடாகம் மூடியிருப்பதை முன்கூட்டி அறிவிக்கவில்லை. அறையில் பூஞ்சணம் இருந்ததை முதல் நாள் மாலையே உங்கள் ரிசப்ஷனில் சொன்னோம். ஆகவே இத்தனை ரூபாவை இந்த வங்கிக் கணக்குக்கு 14 நாளுக்குள் அனுப்பவும்.’ தொகையைக் குறிப்பிடாமல் ‘நியாயமான நட்டஈடு’ என்று மட்டும் எழுதினால், அடுத்த தடவை வாருங்கள், பத்து சதவீதம் கழித்துத் தருகிறோம் என்று பதில் வரும். திரும்பிப் போகவே விருப்பமில்லாத இடத்துக்குக் கழிவு எதற்கு? எண்ணைப் போட்டு எழுதுங்கள். வட்சப் உரையாடல், வங்கிச் சிலிப், பில், போட்டோ எல்லாவற்றின் பிரதியையும் இணையுங்கள். பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. போனை மாற்றினால் வட்சப் செய்திகள் அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த உரையாடல்தான் உங்களுடைய ஒப்பந்தப் பத்திரம்.

பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அவர்களுடையது. பொருளுக்கு மட்டும் இல்லை, சேவைக்கும் அது செல்லும். நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் வியாபாரி நடக்கக் கூடாது என்று அதன் 30ஆம் பிரிவு சொல்கிறது. கடல் அறையைக் காட்டி வேறு அறையைக் கொடுத்தது அதற்குள் வரும் என்பது என் அபிப்பிராயம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். மாவட்டச் செயலகத்தில் அவர்களுடைய அதிகாரிகள் இருக்கிறார்கள், உங்களுக்கு நுவரெலியா. சேவையைப் பெற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த மூன்று மாதத்தில்தான். ஹோட்டல்காரர் நல்லவிதமாகப் பேசிப் பேசியே நாளைக் கடத்திவிடுவார்.

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தங்குமிடங்களைப் பதிவு செய்வதும் நட்சத்திரம் கொடுப்பதும் அவர்கள்தான். 1912 அவர்களின் இலக்கம். வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் அது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள், உள்ளூர்க்காரரும் முறைப்பாடு செய்யலாம். பதிவு செய்த இடமென்றால் அந்தக் கடிதத்துக்கு ஹோட்டல் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும். பதிவே இல்லாத இடம் என்று தெரியவந்தால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான். இன்னொன்று, அந்த ஹோட்டல் விளம்பரத்தில் ‘பிரைவேட் பீச்’ என்று போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். கரை அரசுக்குச் சொந்தம். கரையில் நடக்க யாரும் உங்களைத் தடுக்க முடியாது, அந்தப் பெயரில் கூடுதல் காசும் கேட்க முடியாது.

அடுத்த பயணத்துக்கு வருகிறேன். டிசம்பர் விடுமுறையில்தான் போக முடியும் என்றால் தெற்கே போங்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக இறங்கி அதிவேகப் பாதையைப் பிடித்தால் காலி, மாத்தறை லேசு. வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருக்கும் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது மாத்தறைக்குப் பக்கத்தில் இருக்கும் பொல்ஹேன. கரைக்கு வெளியே பாறைத் திட்டு அலையை உடைத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் அமைதியாக நிற்கும். உனவட்டுனவும் பரவாயில்லை, ஆனால் கூட்டம். அங்கே கடலை ஒட்டிய ஹோட்டல் விலை கட்டாது என்றால் கவலைப்படாதீர்கள், கரையிலிருந்து ஐந்து நிமிட நடையில் குடும்பமாகத் தங்கும் சிறு விடுதிகள் நிறைய. கடல் எல்லாருக்கும் ஒரே கடல்தான். எங்கள் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வெல்லவாய வழியாக இறங்குவார்கள், அவர்களுக்கு அம்பாந்தோட்டைக் கரைதான் முதலில் வரும். அங்கே பல இடங்களில் சீசனிலும் கடல் இழுக்கும், பிள்ளைகளை இறக்க வேண்டாம்.

பாசிக்குடாவையே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை இருந்தால், தயவுசெய்து அந்த ஊரை வெறுத்துவிடாதீர்கள், ஓகஸ்ட் விடுமுறையில் போங்கள். நுவரெலியா, பதுளை, பிபிலை, செங்கலடி என்று நம் மலையிலிருந்து இறங்கும் ஏ5 பாதை உங்களைக் கிட்டத்தட்டக் கொண்டுபோய் விட்டுவிடும். ஆடி அமாவாசையை ஒட்டிப் போனால் மட்டக்களப்பில் மாமாங்கேஸ்வரர் தீர்த்தம், அப்பா அம்மாவுக்கு மனம் நிறையும். ஆனால் அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பிடிக்க வேண்டும். திருகோணமலை என்றால் கோணேஸ்வரமும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் நிலாவெளிக் கடலும் ஒரே பயணத்தில் முடியும். கண்டி பெரஹரா நாட்களில் கண்டி வழியாகப் போகாதீர்கள், பாதி நாள் ரோட்டில் போய்விடும். ஏப்ரல் புத்தாண்டு நேரத்தில் இரண்டு பக்கக் கடலும் ஓரளவு நன்றாக இருக்கும், விலை மட்டும் எங்கும் உச்சத்தில் இருக்கும்.

புக்கிங் செய்யும்போது போனில் பேசுங்கள், ஆனால் பேசியதை வட்சப்பில் எழுதி வாங்குங்கள். நாங்கள் வரும் நாட்களில் நீச்சல் தடாகம் திறந்திருக்குமா, எந்த அறை, அதன் ஜன்னலிலிருந்து கடல் தெரியுமா, எல்லா வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு, டிரைவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் உண்டா என்று கேளுங்கள். ‘ஆம்’ என்று ஒரு வார்த்தையில் பதில் வந்தாலும் போதும். டிரைவர் விஷயத்தை மறந்துவிடாதீர்கள், நம் ஆட்கள் பலரும் மறப்பது இதுதான். இரவு முழுக்க வேனுக்குள் சுருண்டு கிடந்த மனிதர் மறுநாள் நம் மலை வளைவுகளில் குடும்பத்தை ஏற்றி வரக் கூடாது. ஹோட்டல் போடும் படங்களைப் பார்த்து முடிவு செய்யாமல், தங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். அதிலும் நீங்கள் போகப்போகும் அதே மாதத்தில் எடுத்தவற்றைத் தேடிப் பாருங்கள். ஓகஸ்டில் எடுத்த படம் டிசம்பருக்கு உதவாது. கூகுள் வரைபடத்தில் செய்மதிப் படத்தைப் பெரிதாக்கினால் ஹோட்டலுக்கும் கடலுக்கும் நடுவில் ரோடு இருக்கிறதா, வேறு ஹோட்டல் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ‘கடலிலிருந்து 100 மீட்டர்’ என்பார்கள், அந்த நூறு மீட்டரில் வேறொருவரின் மதில் நிற்கும்.

நீங்கள் திரும்பி வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் அடுத்த பயணத்தைப் பிறகு யோசிக்கலாம், கடிதத்தை இந்த வாரமே எழுதுங்கள். 14 நாள் தவணை கொடுத்து, பதில் வராமல் போனாலும் நுவரெலியாவுக்கு முறைப்பாட்டைக் கொண்டுபோக நாள் மிச்சம் இருக்கும். எழுதிய பிறகு ஹோட்டலின் பெயரை மறைத்துவிட்டு எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். எந்தத் தொகையைக் கேட்பது என்பதைப் பில்லை வைத்து இருவரும் சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.